எழவு சத்துக்காவின் பச்சைக் கண்ணாடி

பொலிவியாவின் மலையூர் எல் ஆல்ட்டோவில் போய் சத்துர்னினா போமா வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். எழவு சத்துக்கா என்று கேளுங்கள். கேபிள் கார் நிலையத்து வாசலில் வறுத்த மொச்சை விற்கிறவள்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வழி காட்டுவாள். அந்தப் பட்டப்பெயர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதைத் துடைத்தெறிய அவள் பட்ட பாட்டுக்கு ஊரிலுள்ள கண்ணாடிகளையெல்லாம் ஒற்றை ஆளாகத் துடைத்திருக்கலாம்.

வெள்ளீயச் சுரங்கத்தை இழுத்து மூடிய வருஷம், பத்து வயதில், அப்பனோடும் இரண்டு மூட்டையோடும் இந்த ஊருக்கு வந்தவள். பதினாறில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டில் எவாரிஸ்தோவைக் கட்டிக்கொண்டாள். அவன் சாவ் பாவ்லோவுக்குத் துணி தைக்கப் போகிறேன் என்று போனான். போன இடத்தில் புதுக் குடும்பத்தையே தைத்துக்கொண்டான். சத்துக்கா மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் அவன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை விற்று, கண்ணாடி ஒட்டும் அடுப்பு ஒன்றைப் பழசாக வாங்கிப் போட்டாள்.

லேமினேட் கண்ணாடி செய்கிற அடுப்பு அது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நிறப் படலத்தை வைத்து, இடையிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அடுப்பில் வைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். அப்புறம் கல்லால் அடித்தாலும் விரிசல் விடுமே தவிர உதிராது. "என் கல்யாணத்த இந்த அடுப்புல வெச்சு எடுத்திருக்கணும்" என்பாள் சத்துக்கா, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

எங்கள் ஊரில் கையில் நாலு காசு சேர்ந்தவன் முதலில் கட்டுவது விசேஷ மண்டபம். கீழே கடைகள், நடுவில் மண்டபம், உச்சியில் தான் குடியிருக்க ஒரு வீடு. அதில் நிறக் கண்ணாடி இல்லையென்றால் பெண்டாட்டியே மதிக்க மாட்டாள். ஆகவே சத்துக்காவுக்குத் தொழில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிளாசிதாவின் மகள் கல்யாணம் வரைக்கும்.

பிளாசிதா மாட்டிறைச்சி மொத்த வியாபாரி. குரலும் கத்தியும் ஒரே கூர். அவள் மகள் நேய்தாவுக்குக் கல்யாணம் நடந்த மண்டபத்தில், மணமேடைக்கு மேலே சத்துக்கா போட்ட கடல்பச்சைக் கண்ணாடி இருந்தது. மலிவாகக் கிடைத்த படலம். வானத்தில் பிடித்துப் பார்த்தாள், அழகாக இருந்தது, போட்டுவிட்டாள். உச்சி வெயில் அதன் வழியாக இறங்கியது. எடுத்தது அறுபது படம். அறுபதிலும் கல்யாணப்பெண் மூன்று நாள் ஆறிப்போன பிணம். மாப்பிள்ளை, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட தவளை.

பிளாசிதா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்தாள். "உயிரோட இருக்கிற புள்ளைக்கு எழவு எடுத்து வெச்சிருக்கியேடி, பாவி!"

தப்பு என்னுது அக்கா, மன்னிச்சிரு. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. சத்துக்காவின் வாய் சும்மா இருக்குமா? "கண்ணாடி என்னக்கா பண்ணும்? அந்த மாப்பிள்ளையப் பாத்தா எவளுக்கும் மூஞ்சி அப்படித்தான் போகும்" என்றாள்.

தெருவே சிரித்தது. பிளாசிதா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் இறைச்சிச் சந்தை முழுக்க 'எழவு சத்துக்கா' ஆகிவிட்டது. அதற்குப்பின் ஒரு மண்டபக்காரனும் அவள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கிடைத்ததெல்லாம் குளியலறைக் கதவு, பல் ஆஸ்பத்திரித் தடுப்பு, சவப்பெட்டிக் கடைக்கு ஒரு ஜன்னல். அந்தக் கடைசி வேலைக்கு ஊரார் சிரித்த சிரிப்பு வேறு.

ஆனால் ஒன்று, அன்றோடு கண்ணாடியை வானத்தில் பிடித்துப் பார்ப்பதை விட்டாள். மனிதர் கன்னத்தில், அவித்த உருளைக்கிழங்கில், கொதிக்கிற குழம்பில், அடுத்த வீட்டு நாயின் மேல் என்று வெளிச்சத்தை இறக்கிப் பார்த்துத்தான் எந்த நிறத்தையும் தேர்ந்தெடுப்பாள். இப்போது இந்த ஊரில் நிறக் கண்ணாடியைப் பற்றி அவளளவுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்து என்ன? பட்டப்பெயர் முன்னால் நடக்க, இவள் பின்னால் நடந்தாள்.

பொர்த்துனாத்தோ திக்கோனா வந்தது வேறு ஆள் கிடைக்காமல்தான். தொலைக்காட்சிப் பெட்டி இறக்குமதி செய்து பணம் பார்த்தவர். அந்த வருஷம் சந்தியாகப்பர் திருவிழாவை எடுத்து நடத்துகிறவள் அவர் மனைவி எவுலோகியா. புது மண்டபத்தின் முதல் விசேஷமே அதுதான். மற்ற கண்ணாடிக்காரர்கள் எல்லாரும் கழுத்தளவு வேலையில் இருந்தார்கள்.

"எனக்குப் பச்சை வேணும்" என்றார் பொர்த்துனாத்தோ.

"எந்தப் பச்சைண்ணே? அதுல முப்பது இருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்துத் தட்டினார். "இந்தப் பச்சை. எனக்குச் சோறு போட்ட பச்சை. கேபிள் கார்ல போறவன் கீழ பாத்தான்னா, இது பொர்த்துனாத்தோ வீடுடான்னு சொல்லணும்."

அவருக்கென்று வரவழைத்த பன்றிக்கறிக் குழம்பு முன்னால் ஆவி பறந்துகொண்டிருந்தது. சத்துக்கா ஒரு பச்சைத் துண்டை எடுத்து வெயிலுக்கும் தட்டுக்கும் நடுவில் பிடித்தாள். கறி, போன வாரம் செத்த கறியாயிற்று. "இதத்தான் விருந்தாளிக்குப் போடப்போறீங்களா?"

அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு வாய் எடுத்துப் போட்டார். "கண்ண மூடிக்கிட்டுத் தின்னட்டும். பச்சைதான்."

குழம்பு போனால் போகிறது. சத்துக்காவுக்கு உண்மையான சிக்கல் பாவாடை விவகாரம். திருவிழாவில் ஆடுகிற பெண்கள் அணி அணியாக, தலையில் வட்டத் தொப்பி வைத்து, அணிக்கு ஒரே நிறத்தில் கொசுவப் பாவாடை கட்டி வருவார்கள். அந்த நிறம் அன்று காலைவரை பரம ரகசியம். தெரிந்துவிட்டால் எதிரணி அதே நிறத்தில், இன்னும் உசத்தியான துணியில் வந்து மூக்கை உடைத்துவிடும். எவுலோகியாவின் அணியில் அறுபது பெண்கள். நிறம் தெரியாமல் கண்ணாடி போட்டால் அறுபது பெண்களும் சாணி உருண்டையாகத் தெரியலாம். அப்புறம் சத்துக்கா இந்த ஊரில் குளியலறைக் கதவுகூடப் போட முடியாது.

நேரே எவுலோகியாவிடம் போனாள். "நிறத்தச் சொல்லுக்கா."

"என் புருஷனுக்கே தெரியாது. பாவசங்கீர்த்தனத்துல சாமியார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உன் வாய்க்கா சொல்லுவேன்? அதுக்கு ரேடியோவுலயே படிச்சிரலாம்."

"சரி, சொல்லாத. இதுல பன்னண்டு கண்ணாடித் துண்டு இருக்கு. அறையப் பூட்டிக்கோ. ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொண்ணாப் பிடிச்சு உன் பாவாடையப் பாரு. பாவாடையக் கொல்றத ஒரு பக்கம் வை, வாழவைக்கிறத ஒரு பக்கம் வை. எனக்கு வேற எதுவும் வேணாம்."

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. செத்தவை ஒன்பது. பிழைத்தவை மூன்று: ஒரு வெளிர் ஊதா, இரண்டு ரோஜா. பச்சைத் துண்டை மட்டும் எவுலோகியா பிடிக்கவே அருவருத்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். சத்துக்கா இரண்டு குவியலையும் பார்த்தாள். பச்சையில் கறுத்துப்போய் ரோஜாவில் எரிகிற நிறம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? கந்தூத்தாப் பூவின் அடர் ரோஜா.

"சொல்லாமலே சொல்லிட்டியேக்கா."

எவுலோகியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "வெளிய வந்துச்சோ, இந்த மண்டபத்த உன் தலைமேலயே இடிப்பேன்."

ஆக, புருஷனுக்குப் பச்சை, பெண்டாட்டிக்கு ரோஜா. பச்சை வேண்டாம் என்று அவரிடம் சொல்லலாம். ஏன் என்று கேட்டால் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து வாய்க்கு வந்ததைப் பேசியே பழகியவளுக்கு இந்த அடக்கம் பல்வலியாக இருந்தது. இரண்டு வாரம் தூங்காமல் திரிந்தாள். ஒரு வியாழக்கிழமைச் சந்தையில், செல்போன் உறை விற்கிறவனிடம் சீனப் படலம் ஒரு சுருள் கிடந்தது. மேலே வெளிச்சம் பட்டுத் திரும்பினால் பச்சை. பழக்கதோஷத்தில் அதை வெயிலில் பிடித்து அவன் கன்னத்தில் இறக்கினாள். கன்னம் ரோஜாவாகச் சிவந்தது. பச்சையைத் திருப்பி அனுப்பிவிட்டு மிச்சத்தை உள்ளே விடுகிற படலம்.

"என்னம்மா, கல்யாணம் பேசப் போறீங்களா?" என்றான் அவன்.

"உன்ன இல்ல, உன் சுருளை. எத்தன இருக்கு? எல்லாத்தையும் கட்டு!"

அடுப்பு ஒரு மாதம் அணையவில்லை. கண்ணாடிப் பலகைகள் கட்டடத்தில் ஏறியதும் வெளியே டாலர் பச்சை தகதகத்தது. பொர்த்துனாத்தோ எதிர்ச் சாரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் உள் சாவி எவுலோகியாவின் இடுப்பில். திருவிழாவரை யாரையும் உள்ளே விடவில்லை.

அப்போதுதான் மண்டப வாசலில் நின்ற சத்துக்காவைத் தேடிக்கொண்டு பிளாசிதா வந்தாள். எதிரணித் தலைவி வேறு யார், அவள்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்துக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சத்துர்னினா, உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நிறம் என்னன்னு மட்டும் சொல்லு. நாளைக்கே சந்தையில நானே நின்னு, இவள இனிமே எவனாவது எழவுன்னா நாக்க அறுப்பேன்னு சொல்றேன். நான் வெச்ச பேரு, நான் எடுத்தாத்தான் போகும்."

உண்மை. அவள் எடுத்தால்தான் போகும். சத்துக்காவின் நாக்கு நுனியில் ரோஜா வந்து நின்றது. சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. கண்ணை மட்டும் தூக்கி, மெதுவாக, மேலே பளபளத்த பச்சைக் கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஐயோ காட்டிக்கொடுத்துவிட்டோமே என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிளாசிதா மேலே பார்த்தாள், இவளைப் பார்த்தாள், சிரித்தாள். "ரொம்ப நன்றிடி."

அன்று பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சத்துக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

திருவிழா நாள். வெயில் கொளுத்துகிறது. பேண்டு முழங்க எவுலோகியாவின் அறுபது பெண்களும் அடர் ரோஜாப் பாவாடையில் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். பாவாடை தணலாக எரிந்தது. எல்லார் கன்னமும் சிவந்து, அறுபது வயதுக்காரியும் பதினாறாகத் தெரிந்தாள். பன்றிக்கறிகூட வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "எந்தக் கைடா இது போட்டது!" என்று ஒரு கிழவர் பீரைத் தரையில் தெளித்து வாழ்த்தினார். யாரோ "சத்துக்கா" என்றார்கள். எழவைச் சேர்க்கவில்லை. சத்துக்கா அதைக் கேட்டாள். பதினோரு வருஷம் கழித்துக் கேட்டாள்; கால் தரையில் நிற்கவில்லை.

திருவிழா நடத்துகிறவளின் மண்டபத்துக்கு எல்லா அணியும் வந்து ஆடியாக வேண்டும்; அடுத்து பிளாசிதாவின் அணி. தெருவில் அவர்கள் பச்சை கண்ணைப் பறித்தது. டாலர் பச்சை, உசத்திப் பட்டு. வாசலைத் தாண்டி அந்த ரோஜா வெளிச்சத்துக்குள் கால் வைத்ததுதான் தாமதம், வரிசை வரிசையாகக் கறுத்தார்கள். ஐம்பது பெண்களும் துக்கத்துக்கு வந்தவர்கள். பேண்டுக்காரன் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். "யாருப்பா போயிட்டாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே குலுங்கிச் சிரித்தது.

சத்துக்காவும் சிரிக்க வாயைத் திறந்தாள். அப்போது இரண்டாம் வரிசையில் நேய்தாவைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது, கையில் ஆட்டத்துக்கான கிலுகிலுப்பை, கறுத்த பாவாடை. எல்லாரும் சிரிக்கிறது ஏன் என்று புரியாமல், ஆடுகிற சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் அணியில் மகள் இருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையே! சத்துக்கா திறந்த வாயை மூடினாள். இந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அன்றும் செய்யவில்லை, இன்றும் செய்யவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நேய்தாவின் கையைப் பிடித்து, படியேறி, மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள். வெயிலில் பாவாடை மறுபடியும் பச்சையாகப் பற்றியது. பின்னால் பனிமலை.

"மன்னிச்சிரும்மா" என்றாள் சத்துக்கா. மூச்சு வாங்கியது. "இன்னைக்குத் தெரிஞ்சே பண்ணேன். அன்னைக்குத் தெரியாமப் பண்ணேன். ஆனா அன்னைக்கே இதச் சொல்லியிருக்கணும். சொல்லல. வாய்க்கொழுப்பு."

 நேய்தா சிரித்தாள். "அத்தே, அன்னைக்கு மாப்பிள்ளையப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே, நெசம். ரெண்டே வருஷம்தான் அவன்கூட இருந்தேன். உங்க கண்ணாடிக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. அவனப் பாத்துக் கட்டி வெச்சது அம்மா. உங்களத் திட்டலைன்னா அவங்க தன்னையில்ல திட்டிக்கணும்?"

  சத்துக்கா செல்போனை எடுத்தாள். "நில்லு. தொப்பிய நேரா வை. சிரி."

படத்தில் ரத்தமும் சதையுமாக ஒரு பெண், பச்சை நெருப்பாக ஒரு பாவாடை. "இத பிரேம் போட்டு அந்த ஆல்பம் இருக்கிற எடத்துக்கு மேல மாட்டறேன்" என்றாள் நேய்தா.

கீழே பேண்டு மறுபடி தொடங்கியிருந்தது. அதையும் மீறி, இறைச்சிச் சந்தையில் பழகிய குரல் படியேறி வந்தது: "எங்கடி அவ? எங்க அந்த எழவு சத்துக்கா?"

மண்டபத்தில் இன்று வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதை வைத்தவள், சொல்லத் தகுந்த அந்த ஒருத்திதான் சொன்னாள்.

"இங்கதான் இருக்கேன் அக்கா, வரேன்" என்று பதில் குரல் கொடுத்துவிட்டு, சத்துக்கா சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.