அப்பாவின் சுவரில் ஒரு காரின் கதவு

ஸ்பிரிங்வேலில் அப்பாவின் வீட்டு வரவேற்பறையில், நீளக் கதிரைக்கு நேர் மேலே, ஒரு காரின் கதவு தொங்குகிறது. சிவப்புக் கதவு. நடுவில் வெள்ளைப் பெயின்டில் தங்கச்சியின் ஓட்ட எண். கீழ்ப்பாதி முழுக்க நசுங்கி உள்ளே போயிருக்கிறது. சுவரில் அந்த இடத்தில் முன்பு நான் இருந்தேன். கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய கடதாசி, மருந்தாளர் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம். எங்கள் ஆட்களின் வீடுகளில் சாமிப் படங்களுக்கு அடுத்த மரியாதை பட்டமளிப்புப் படத்துக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளென் வேவர்லியில் இருக்கும் என் வீட்டிலிருந்து அப்பா அம்மாவைப் பார்க்கப் போனபோது, அந்தச் சுவரில் இந்தக் கதவு ஏறியிருந்தது. என் படம் குளியலறைக்குப் போகும் நடைச் சுவருக்கு மாறியிருந்தது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "அது கிடக்கட்டும் பிள்ளை" என்றார். பசியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று அம்மா வைத்திருந்தது கணவாய்க் கறி. அதை நான் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

தங்கச்சி எனக்கு நாலு வயது இளையவள். கணக்கியல் படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு, அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு சாவு வீடு போல இருந்தது. "ஆர் இனி இவளைக் கட்டுவான்?" என்று அம்மா மூக்கைச் சிந்தினார். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துபோயிருந்தது. சின்ன வயதிலிருந்தே அப்பாவின் மடிக்கு முந்துகிறவள் அவள்தான். இனி அப்பாவுக்குச் சொல்லிக்கொள்ள நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

அந்தக் கராஜ்காரர்கள் சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருந்த மண் ஓட்டப்பாதைக்குப் போவார்கள். ஸ்டொக் கார் ஓட்டம். பழைய கார் ஒன்றை வாங்கி, கண்ணாடி, இருக்கை எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, அதற்குள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். முன்னால் போகிறவனை இடித்து ஒதுக்கிவிட்டுப் போகலாம், அதுதான் விளையாட்டே. அவளும் அதில் இறங்கினாள். கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் உடுப்பில்கூட முட்டக்கூடாது என்று எங்களை வளர்த்த அப்பா, "அவளைக் கையோட கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அங்கே போனார். திரும்பி வரும்போது தலைமுடி, இமை, மூக்குத் துவாரம் எல்லாம் புழுதி. அவள் அவரோடு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு மடக்குக் கதிரையும் வாங்கிக்கொண்டு அப்பா மறுபடி போனார்.

நான் சொந்தமாக மருந்துக்கடை திறந்ததும் ஒரு சனிக்கிழமைதான். அப்பா வந்தார், தேங்காய் உடைத்தார், நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். பிறகு மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். "வாற கிழமை வந்து வடிவாப் பாக்கிறன் பிள்ளை. இண்டைக்கு அவள் ஓடுறாள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அடுக்கிவைத்திருந்த அலுமாரிகளைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று எனக்கு எரிந்த வயிற்றுக்கு என் கடையில் இருந்த எந்த மருந்தும் போதாது.

தொடக்கத்தில் அவள் எல்லாருக்கும் பின்னால்தான் வந்தாள். உருண்டாள், சேற்றில் புதைந்தாள். பிறகு பொறுத்திருக்கப் பழகினாள். முன்னால் போகிறவன் வளைவில் கொஞ்சம் சறுக்கும்வரை ஒட்டிக்கொண்டே போய், அவன் காரின் பின்மூலையில் மெல்ல ஒரு தட்டு. அவன் சுழன்று நிற்பான், இவள் போய்விடுவாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஞாயிறு காலையில் அப்பா தொலைபேசியில் எடுத்து ஒவ்வொரு சுற்றாகச் சொல்லுவார். ஒரு போட்டிப் பருவத்தின் கடைசி ஓட்டத்தில் அவள் சுவரில் மோதி விலா எலும்பு உடைந்து கிடந்தாள். இனி விட்டுவிடுவாள் என்றிருந்தேன். எலும்பு பொருந்தியதுமே எழும்பிப் போய் மாநிலச் சம்பியன் ஆனாள். அதற்குப் பிறகு நாட்டுக்கே சம்பியன். அப்பாவின் சுவரில் அந்தக் கதவு ஏறியதும் அந்த நாட்களில்தான்.

அவர்களுடைய கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பியனுக்கு அடுத்த பருவம் முழுக்க ஒன்றாம் எண். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி வரிசையில் நின்றுதான் வெளிக்கிட வேண்டும். "எல்லாருக்கும் பின்னால நிண்டு வெளிக்கிட்டு, முன்னுக்கு வாறாள். நீ பாக்க வேணும் பிள்ளை!" என்று அப்பா கத்துவார். நான் பாலர் வகுப்பிலிருந்தே முன்வரிசையில் இருந்தவள். முன்வரிசையில் இருப்பவள் முன்னுக்கு வந்தால் கைதட்ட யாருக்குத் தோன்றும்? கோயிலில் சனம் என்னைப் பார்த்து, "நீங்கள் சம்பியனின்ர அக்காவே?" என்று கேட்கும். ஓம் என்று சிரிப்பேன். என் கடைக்கே ஒருவர் வந்து, பிரஷர் குளிசையை வாங்கிக்கொண்டு, தங்கச்சியின் கையெழுத்து கிடைக்குமா என்று கேட்டார். உப்பைக் குறையுங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது அவள் ஓடுவதில்லை. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. போன மாதம் அப்பா வரவேற்பறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தக் கதவை இறக்கினோம். அப்பா பின்வளவில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "சம்பியன் கார் எண்டபடியால்தான் இவ்வளவு பாரமோ?" என்றேன். குரலில் இருந்த கசப்பை நான் மறைக்கவில்லை.

"சம்பியன் காரோ? ஆர் சொன்னது?" என்று அவள் சிரித்தாள். "அக்கா, இது நான் சுவரில அடிச்ச காரின்ர கதவு. என்னை வெளியில எடுக்க இதைத்தான் வெட்டினவங்கள்."

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். அன்று கடைசி ஓட்டம் என்பதால், ஹெல்மட் போடுவதற்கு முன் அப்பா அவள் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசியிருக்கிறார். உள்ளே வியர்த்தது. திருநீறு கரைந்து இரண்டு கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டது. ஹெல்மட்டுக்குள் கைவிட்டுத் துடைக்க வழியில்லை. வளைவு எது, சுவர் எது என்று தெரியாமல் நேரே போய் மோதியிருக்கிறாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்து நேர போய் இந்தக் கதவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். அதுக்குப் பிறகு நான் ஓடேக்க அவர் பாத்ததே இல்லை, தெரியுமோ? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பாராம். பக்கத்தில இருக்கிற எங்கட ஆக்கள் சொல்லுவினம். சத்தம் நிண்டாப் பிறகுதான் திறப்பாராம்."

அப்படியென்றால், அவள் சம்பியன் ஆன ஓட்டங்கள் எல்லாம் அவர் பார்க்காதவை. அந்த விபத்துக்குப் பிறகு ஞாயிறு காலைகளில் எனக்குச் சொன்ன சுற்றுகள் எல்லாம் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுச் சொன்னவை.

"உன்னைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் இல்லை அக்கா. நீ குடுத்து வைச்சனி" என்றாள் தங்கச்சி.

கொடுத்து வைத்தவளாம். வேறொருத்தி என்றால் அந்த இடத்திலேயே உருகி அவளைக் கட்டிப்பிடித்திருப்பாள். எனக்குப் பழைய எரிச்சல் போய்ப் புதிதாக ஒன்று வந்தது. அப்பாவின் பெருமையைத்தான் அவள் தட்டிப் பறித்தாள் என்று இத்தனை காலமும் புழுங்கினேன். பெருமை என்றால் போட்டி போடலாம், இன்னொரு பட்டம் எடுக்கலாம், இன்னொரு கடை திறக்கலாம். பயத்துக்கு நான் எங்கே போவேன்? எனக்காக அவர் ஒரு தடவையாவது கண்ணை இறுக்கி மூடியிருக்கலாம்.

மறுநாள் நானும் தங்கச்சியும் அப்பாவை என் காரில் இருதய வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம், போகும்போது நான் ஓட்டினேன். முதல் சிக்னல் தாண்டுவதற்குள் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். நான் ஓட்டும்போது அவர் எப்போதும் அப்படித்தான். திரும்பி வரும்போது அதே காரைத் தங்கச்சி ஓட்டினாள், நான் பின்னால் இருந்தேன். வீதியில் எல்லாரும் அவளை முந்திக்கொண்டு போகுமளவுக்கு மெதுவாகத்தான் ஓட்டினாள். அப்பா வழிநெடுக மேலே இருந்த கைபிடியை விடவில்லை. அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.

பெயின்ட் காய்ந்ததும் கதவை அதே ஆணிகளில் மாட்டினோம். என் படத்தை எங்கே கொழுவுவது என்று அப்பாவிடம் கேட்டேன். "அது இருந்த இடத்திலயே இருக்கட்டும் பிள்ளை. அதுக்கென்ன?" என்றார். ஒரு துணியை எடுத்து இரண்டையும் துடைத்தேன். கதவில் ஒவ்வொரு நெளிவிலும் துணி சிக்கியது, மெல்ல எடுத்து எடுத்துத் துடைக்க வேண்டியிருந்தது. என் படத்தின் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இத்தனை வருடத்தில் அதில் ஒரு கீறல்கூட இல்லை.