அத்தானின் வாயை அடைத்த மூன்றாம் பதிப்பு

என் அத்தான் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க அவர் பேசுவது, "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க." அக்கா திடீரென்று போய்ச்சேர்ந்த பிறகு வேறு பேச்சே கிடையாது. நாம் நாலு கேட்டால் தலை ஒருமுறை ஆடும். வாய் திறப்பது ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் மட்டும்தான்.

அங்கே நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். கதையை நடத்துவது என் வீட்டுக்காரர்; வழியில் வரும் காவல்காரன், பேய் எல்லாம் அவரேதான். மாடிவீட்டு டெய்லர் வாள்வீரர், நான் வைத்தியச்சி, அத்தான் திருடர். ஆனால் ஒரு பூட்டையும் உடைக்க மாட்டார். காவல்காரனிடம் ஊர்க்கதை உலகக்கதை பேசியே சாவியை வாங்கிவிடுவார். பேச்சு பொருந்தினால் கதவு திறக்கும், அவ்வளவுதான் பழைய விதி.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார் என் வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அல்லவா, புது மாடல் வந்தால் பழையது குப்பை! மூன்றாம் பதிப்பு என்று தலையணை மாதிரி ஒரு விதிப்புத்தகம் வாங்கி வந்தார். அதை எழுதியவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். ஒரு வெட்டுக்கு மூன்று தடவை உருட்டணுமாம். ஒரு எலியைக் கொல்வதற்குள் டீ ஆறி, சூடாக்கி, மறுபடி ஆறிவிட்டது.

அதையாவது பொறுக்கலாம். பேச்சுக்கும் பகடையாம்! எண் விழுந்தால் காவல்காரன் சம்மதித்துவிட்டான். என்ன பேசினோம் என்று கேட்க நாதியில்லை. அத்தான் உருட்டுவார், எண்ணைச் சொல்வார், கையைக் கட்டிக்கொள்வார்.

"ஏங்க, அவரைப் பேச விடுங்களேன்."

"வாய் இருக்கிறவங்களே ஜெயிச்சா நியாயமா? டெய்லர் கூச்சப்படுறவரு. அவருக்காகத்தான் இந்த விதி."

"நான் எப்பங்க நியாயம் கேட்டேன்?" என்றார் டெய்லர்.

அத்தான் செருமினார். "அடுத்த வாரத்துல இருந்து ஞாயித்துக்கிழமை டியூட்டி. வர முடியாது."

பொய். ஞாயிறு அந்த எக்ஸ்ரே அறை பூட்டிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? இந்த மேஜையும் போனால் மனுஷன் ஊமைதான்.

என் வீட்டுக்காரருக்கு அது உறைக்கவே இல்லை. கதையில் நாங்கள் இறந்தவர்களின் கோட்டை வாசலில் நின்றோம். இருபது முகப் பகடையை அத்தான் உருட்டினார், இருபதே விழுந்தது.

"பிரமாதம் அண்ணே! காவல்காரன் விட்டுட்டான், உள்ள போங்க."

பகடையைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். "விடலை! எதுக்கு வந்தீங்கன்னு அவன் கேக்குறான் அத்தான். சொல்லுங்க."

அத்தான் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"உள்ள என் வீட்டுக்காரி இருக்கா," என்றார். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்ப்பா."

என் வீட்டுக்காரரின் கை பழக்கத்தில் புத்தகத்தைப் புரட்டியது. பாதியில் நின்றது. மூடி, கீழே வைத்தார்.

"அவசரமில்லைங்க," என்றார் காவல்காரன் குரலில். "நல்லாப் பேசிட்டு வாங்க."