பல்லக்காவின் ஏழாம் வீட்டில் சனி

பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் நானும் அவளும் அடுத்தடுத்த முக்காலிகளில் உட்கார்ந்து பல்செட் செய்கிறோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. சம்பளத்தன்று கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி டாக்டரிலிருந்து வாசல் கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் பல்லக்கா. யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் பார்ப்பது வாயைத்தான். "முகம் ஞாபகம் இல்ல. மேல்வரிசைல ஒண்ணு திரும்பி நின்னுச்சே, அவர்தானே?" என்பாள்.

அவள் ஜாதகத்தில் சனி ஏழாம் வீட்டில் இருந்தது. பிறந்த நேரத்தில் கிழக்கே எழுந்துகொண்டிருந்த ராசிதான் லக்னம். அவளுக்கு அது மேஷம். அங்கிருந்து எண்ணினால் ஏழாவது கட்டம் துலாம். கட்டிக்கொள்ளப் போகிறவனைச் சொல்லும் இடம். சனி அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கல்யாணம் தள்ளிப்போகும் என்றார் ஒரு சோதிடர். தள்ளிப்போகாது, ஆனால் மாப்பிள்ளை வயதானவராக இருப்பார் என்றார் இன்னொருவர். சனி துலாத்தில் உச்சம், போதாக்குறைக்கு ஏழாம் இடத்தில் அதற்குத் தனிப் பலம், ராஜா மாதிரி மாப்பிள்ளை வருவான் என்றார் மூன்றாமவர். பல்லக்காவின் அம்மா மூன்று பேருக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, "வயசான ராஜா ஒருத்தர் லேட்டா வருவார்" என்று முடிவு கட்டினார்.

அந்தச் சனியைப் பல்லக்கா குடைபோல வைத்துக்கொண்டாள். பிடிக்காத இடம் வந்தால் விரித்துவிடுவாள். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொன்ன ஒருவன் தலைமுடியை நொடிக்கொருதரம் கோதிக்கொண்டிருந்தான். இவள் காபி கொடுக்கிற சாக்கில் அவனுடைய அக்காவின் காதில், "எனக்கு ஏழுல சனி. வர்றவருக்கு ஒரே வருஷத்துல வழுக்கை விழும்னு சொல்றாங்க" என்றாள். எந்தச் சோதிட நூலிலும் அப்படி இல்லை. அவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை. வெளிநாட்டுக்குப் பறக்கத் துடித்துக்கொண்டிருந்த இன்னொருவனிடம், சனி பார்க்கிற பயணமெல்லாம் பாதியில் நிற்கும் என்றாள். அவன் பறந்துவிட்டான், இவளை விட்டுவிட்டு. வேறு சாக்கு கிடைக்காதபோது, ஏழில் சனி இருந்தால் வயசான மாப்பிள்ளைதான் ஒத்து வரும், சின்னவருக்கு ஆகாது என்பாள்.

முப்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் மருத்துவமனைக் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே பல்லக்கா, கையில் ஒரு தட்டு. கதவிடுக்கு வழியாக ஒரு குரல் கேட்டது.

"உள்ள எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான். ஆனா பல்லு ஏழெட்டு செட் இருக்கு."

"அவங்களையும் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றது குரல்.

லிஃப்ட் மெக்கானிக் அவளை இறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டு கடைவாய்ப் பற்களைத் தேய்த்து முடித்து, லிஃப்ட் வாசலுக்கும் வந்துவிட்டேன். "இவ்வளவு மெதுவாவா?" என்று அவள் சீறினாள். முழங்கைவரை கறுப்பு எண்ணெயோடு நின்ற அவர், "வேகமா இறக்கறது சுலபம்ங்க. அப்புறம் உங்களுக்கே பல்லு கட்ட வேண்டியிருக்கும்" என்றார். அவள் ஒருவரின் வாயை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அதற்குப் பிறகு அந்த லிஃப்ட்டுக்கு அடிக்கடி உடம்புக்கு வந்தது. கதவு மூடாது, பாதியில் நிற்கும், மெக்கானிக் வருவார். நாங்கள் பல் அச்சுக்குப் பயன்படுத்தும் இளஞ்சிவப்பு மெழுகை அவள் உருண்டை பிடித்துக் கதவுத் தடத்தில் திணித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டேன். "நோயாளிங்க மாடிப்படி ஏறினா உடம்புக்கு நல்லது" என்றாள். மெக்கானிக்கும் மெழுகைச் சுரண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாரே தவிர, யாரிடமும் புகார் சொன்னதில்லை.

விஷயம் வீட்டுக்குப் போனது. அவர் அவளைவிட இரண்டு வயது சின்னவர் என்பதும் கூடவே போனது.

"ஏழுல சனி இருந்தா வயசான மாப்பிள்ளைதான் ஒத்து வரும்னு நீதானடி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச!" என்று அம்மா பிடித்துக்கொண்டார். "இப்ப சின்னப் பையனைக் கூட்டிட்டு வந்து நிக்கிற. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

இத்தனை நாள் விரித்த குடை அவள் தலையிலேயே கவிழ்ந்துகொண்டது. அது சும்மா சொன்னது என்று அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா நம்பவில்லை. அவள் பிறந்தபோது ஜாதகம் எழுதிய சோதிடரையே கூப்பிட்டு, அவர் வாயால் கேட்டுவிடுவது என்று முடிவானது.

சோதிடர் வந்தார். வயதாகி, முன்பற்கள் மேலும் கீழும் கொட்டிப்போயிருந்தன. ஜாதகத்தை விரித்து, துலாத்தில் விரலை வைத்து, உற்சாகமாக ஆரம்பித்தார்.

"ஏழுல தனிம்மா! தாதாரண தனி இல்ல. உத்த தனி!"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "தனியா? கடைசிவரைக்கும் சுத்தத் தனியாவா இருப்பா?"

"ஆமாம்மா, தனிதான்! பயப்படாதீங்க, ரொம்ப நல்ல தனி!"

அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வயசான ராஜாவாவது வருவார் என்று இருந்தவருக்கு இப்போது ராஜாவும் இல்லை. மூன்றாம் நாள் அப்பாதான் விஷயத்தை அவிழ்த்தார். அவருக்குக் காது மந்தம். அதனால் சோதிடர் பேசியதை விட்டுவிட்டு, விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தனி இல்லடி, சனி! அவர் வாயில பல்லு இல்ல, உன் காதுல புத்தி இல்ல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே சோதிடர் வீட்டுக்குப் போனார். "முதல்ல பல்லைக் கட்டிக்கோங்க. அப்புறம் எனக்கு ஒழுங்கா சொல்லுங்க" என்று அவரைக் கையோடு எங்கள் மருத்துவமனைக்கு இழுத்து வந்துவிட்டார்.

டாக்டர் சோதிடரின் மேல்தாடையில் அச்சுப் பசையை வைத்து அழுத்திவிட்டு, "இறுகறவரைக்கும் அசையவிடாம பிடிச்சுக்கோ" என்று பல்லக்காவிடம் சொல்லிப் பக்கத்து அறைக்குப் போனார். சோதிடர் வாய் நிறையப் பசையோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அம்மா காலடியில் நின்றார். பல்லக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பின்பக்க அறை வாசலில் நின்ற நான் ஓரடி பின்வாங்கினேன்.

"ஐயா, சனின்னா இரும்புதானே?"

சோதிடர் தலையாட்டினார்.

"எண்ணெய், கறுப்பு, மெதுவான ஆளு, பொறுமையான ஆளு. எல்லாம் சனிதானே?"

ஆட்டினார்.

"அப்ப இரும்புக் கயித்தோட, கையெல்லாம் கறுப்பு எண்ணெயோட, ஆமை மாதிரி வேலை செய்யற ஒருத்தர் வந்தா, அது சனி குடுத்த மாப்பிள்ளைதானே? வயசு பெரிசில்லதானே?"

சோதிடர் ஏதோ சொல்ல வந்து "ம்ம்ங்" என்றார். மூச்சு முட்டிப் பலமாகத் தலையாட்டினார். "பாத்தியாம்மா?" என்றாள் பல்லக்கா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சோதிடரின் பல்செட்டை அவளே செய்தாள். அவ்வளவு பயபக்தியோடு அவள் வேறு எந்தப் பல்லையும் செய்து நான் பார்த்ததில்லை. ச சொல்லும்போது காற்று எங்கே போகும் என்று என்னைச் சனி, சனி என்று சொல்லச் சொல்லியே பார்த்தாள். அரை நாள் போனபின், "என்னைப் பிடிச்சிடப் போகுது, விடு" என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

புதுப் பல்லோடு சோதிடர் அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று அவள் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். இப்போது அவரால் எதையும் தெளிவாகச் சொல்ல முடியுமே!

"அன்னைக்கு நான் தலையாட்டினது மூச்சு முட்டி" என்று ஆரம்பித்தார் சோதிடர். பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா பொண்ணு கேட்டதுல தப்பில்ல. சனி முதுமைதான், அதோட உழைப்பு, பொறுமை, இரும்பு எல்லாமும்தான். எதைக் குடுப்பார்னு அடிச்சுச் சொல்ற ஆளை நம்பாதீங்க. உச்சமா இருக்கார், உட்கார்ந்த இடத்துக்கு நல்லது செய்வார். பார்க்கிற இடத்துலதான் பாரம். லக்னத்தைப் பார்க்கிறார். ஒன்பதைப் பார்க்கிறார், அது அப்பா. நாலைப் பார்க்கிறார், அது அம்மா."

"எங்களுக்கு என்ன?" என்றார் அம்மா பதறி.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா எல்லாம் சரியாப் போகும்."

"அப்ப தோஷம் அவகிட்ட இல்லையா? எங்ககிட்டயா?"

அப்பா காதில் கையைக் குவித்து, என்ன என்று கேட்டார். மகள் கத்திச் சொன்னாள். "நான் எப்பவோ வளைஞ்சுட்டேனே" என்றார் அவர் நிதானமாக. "போன மாசமே பையனைப் போய்ப் பார்த்தேன். என்னை லிஃப்ட்ல மொட்டைமாடிவரைக்கும் ஏத்தி இறக்கினான். குலுங்கவே இல்ல."

அம்மா அவரை முறைத்தார். பிறகு சோதிடரை, மகளை, காரணமே இல்லாமல் என்னையும் முறைத்தார். கடைசியில், "அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகத்தில் மெக்கானிக் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் அடுத்த ஜோடி பொறுமையிழந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டது. வீட்டிலும் அவர் அப்படித்தான். ஒரு ஆணி அடிக்க ஒரு பகல். இவள் பத்து வார்த்தை பேசி முடித்தபின் முதல் வார்த்தைக்குப் பதில் வரும். ஆனால் அவர் அடித்த ஆணி அசைந்ததில்லை. இவளும் தினமும் சாயங்காலம் மேசையைத் துடைத்துவிட்டு ஓட்டமாக ஓடுகிறாள்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சோதிடரும் வந்திருந்தார், மாப்பிள்ளைக்குப் புதிதாக ஜாதகம் எழுதிக்கொண்டு. கல்யாணத்துக்கு முன்பு அம்மா கேட்டபோது, மாப்பிள்ளை பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை என்று பல்லக்கா சொல்லியிருந்தாள்.

"நேரத்தை யாரும் குறிச்சு வைக்கலன்னு பொண்ணு சொல்லியிருந்தா. மாப்பிள்ளை வீட்ல கேட்டா இருக்கு. அவருக்கு ஏழுல செவ்வாய்" என்றார் சோதிடர்.

"அப்படின்னா?" என்றார் மெக்கானிக்.

"சூடு, பிடிவாதம், ஆயுதம். கையில எப்பவும் கத்தியோ நெருப்போ வச்சிருக்கிற பொண்டாட்டி."

வீட்டிலேயே ஒரு பல் வேலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்த பல்லக்கா, மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று கீழே வைத்தாள். மெக்கானிக் அவளைப் பார்த்தார், ஜாதகத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"என் பிறந்த நேரம் எனக்கே தெரியுமே" என்றார் மெதுவாக. "நீ என்கிட்ட கேக்கவே இல்லையே?"

பல்லக்கா எனக்கு இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டாள். நான் தோசையே சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.