இரண்டில் எரிந்த விளக்கு

கதை விடுகிறேன் என்று சிரிக்காதீர்கள். நடந்தது நடந்ததுதான். தலத்தெரு வினோதினியைக் கேட்டுப் பாருங்கள். தலையைக் குனிந்துகொள்வாளே தவிர, இல்லை என்று சொல்ல மாட்டாள்.

எல்லாம் ஒரு கீபோர்டு ஆசையால் வந்த வினை. வயர் இல்லாத மெக்கானிக்கல் கீபோர்டு. ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச்; தட்டினால் டக் டக்கென்று காதுக்கே சுகம். பல கருவிகளோடு சேரும். ஒன்றை அழுத்தினால் வினோதினியின் லேப்டாப், இரண்டை அழுத்தினால் அல்லியின் டேப்லெட். எதோடு சேர்ந்திருக்கிறதோ, அந்த எண்ணில் குட்டி விளக்கு எரியும். ஆனால் பத்து மீட்டர் தாண்டினால் எதுவும் எட்டாது.

அல்லி வினோதினியோடு டைப்பிங் வேலை பார்த்தவள். கீகளில் தமிழ் எழுத்துகளை ஒட்டியதும் அவள்தான். இதை வினோதினிக்கு இரவல் கொடுத்த கையோடு காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை.

சில கிலோமீட்டர் தள்ளி, காரைக்கால்மேட்டில் அல்லி வீட்டில் கருமாதி. அல்லியின் அம்மா பவுனம்மாள் வினோதினியிடம் கேட்டாள்: "அல்லி கீபோர்டு உங்கிட்ட இருக்காம்மா?"

"அப்பவே உங்க பையன்கிட்ட குடுத்துட்டேனேம்மா."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். பளார்! பவுனம்மாள் தன் மகன் அன்பழகனை அத்தனை பேர் முன்னால் அறைந்தாள். "அக்கா பொருளையும் வித்துத் தின்னுட்டியாடா?"

அவன் வினோதினியை ஒரு பார்வை பார்த்தான். அன்றே வீட்டை விட்டுப் போய், தான் மீன்பிடிக்கும் படகிலேயே படுத்துக்கொண்டான். வினோதினிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கீபோர்டைத் திருப்பிக் கொடுத்தாளா? இல்லையே!

ஒரு நாள், பட்டப்பகல். வீட்டில் யாருமில்லை. மனம் தாங்காமல் தோழி ஓவியாவுக்கு அந்தக் கீபோர்டிலேயே மெசேஜ் அடித்தாள்: 'கீபோர்டு என்கிட்டதான் இருக்கு. அந்தப் பையன்மேல பழியப் போட்டுட்டேன்.'

லேப்டாப் திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை.

விளக்கு இரண்டில் எரிந்தது.

ஒன்றை அழுத்தினாள். மறுபடியும் இரண்டு... கீபோர்டின் சுவிட்சையே அணைத்தாள். விளக்கு அணையவில்லை.

டக்.

அவள் கை மடியில் இருந்தது.

'அ' தானாக இறங்கியது. டக்... 'ம'. டக்... மறுபடியும் 'ம'.

டக். 'ஆ'. தமிழில் 'அம்மா' அடிக்கும் வரிசை.

கீபோர்டைப் பையில் திணித்தாள். ஸ்கூட்டி நேரே காரைக்கால்மேட்டுக்குப் பறந்தது. வழியெல்லாம் பைக்குள்... டக், டக், டக்.

வாசலில் பவுனம்மாள். உள்ளே, அல்லி படத்தின் முன் டேப்லெட் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அன்பழகன்.

"தானா எரிஞ்சிச்சும்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. பயந்துபோய் இவனக் கூட்டியாந்தா, என்ன எழுதியிருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறான். நீ படிச்சு சொல்லு."

திரையில் அவள் அடித்த வரிகள். அன்பழகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னால் அடி வாங்கியும் வினோதினியைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வினோதினி படித்தாள். தன் வாயாலேயே, ஓர் எழுத்து விடாமல். கடைசி வரி மட்டும் அவள் அடித்ததில்லை.

'அம்மா, தம்பிய அடிக்காத.'

பவுனம்மாள் மகன் கன்னத்தைத் தொட்டாள். பிறகுதான் அழுதாள். வினோதினியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வினோதினி கீபோர்டைப் படத்தின் முன் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்பழகன் பின்னாலேயே வந்தான்.

"அக்கா... அம்மாட்ட சொல்லாதீங்க, பயந்துடும். அந்த டேப்லெட்ல பேட்டரியே இல்ல. வீங்கிடுச்சுன்னு அல்லி அக்கா காய்ச்சல்ல கெடந்தப்பவே கழட்டிப் போட்டாச்சு."