சிவனுக்குப் போன ட்ரில்லியம்

கனடாக் காடுகளில், மேப்பிள் மரங்கள் இலை விட்டு வெயிலை மறைப்பதற்குள் அவசரமாகப் பூத்து முடிக்கும் ஒரு வெள்ளைப் பூ இருக்கிறது. பெயர் ட்ரில்லியம். ஒரு தண்டு, மூன்று இலை, மூன்று இதழ். அதற்கு மேல் கடவுளும் செலவழிக்கவில்லை.

டொரொன்டோவில் இருக்கும் தன் தங்கையிடம் போன ஒரு மே மாதத்தில் என் மனைவி அதைப் பார்த்தாள். பிறகு நோய் வந்தது. இனி விமானத்தில் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொன்ன அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பூவை இன்னொருக்கால் பாக்கேலாதோ?"

ஏப்ரலில், ஐரோப்பாவில் நாங்கள் இருக்கும் வைலே நகரைச் சுற்றியுள்ள பீச் மரக் காடுகளின் தரையெல்லாம் அனிமோன் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். காரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். "வடிவாத்தான் இருக்கு," என்றாள், பரிசோதனைச்சாலையில் காத்திருப்பவளின் குரலில்.

"அந்தப் பூவின்ர கிழங்கை ஈரப் பேப்பரில சுத்தி சூட்கேசுக்குள்ள வச்சுக் கொண்டாறன் அத்தான்," என்றாள் டொரொன்டோ மச்சாள் ஃபோனில். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் ஒரு கிழங்கும் வரக்கூடாது என்று விளக்கினேன். ஒரு சிறிய ஊரில் கட்டட அனுமதி கொடுக்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் வந்துபோனவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள். அதற்கென்று ஒரு படிவம் இல்லாததால் எனக்குத் தெரியவரவில்லை.

முறைப்படி ஒரு நாற்றுப்பண்ணையில் கிழங்குகள் வாங்கி, பின்வளவு ஹேசல் மரத்தடியில், இலைமக்கு போட்டு நட்டேன். முதலாம் வசந்தத்தில் இலை மட்டும். இரண்டாம் வசந்தத்திலும் இலை மட்டும். காத்திருந்த காலத்தில் அந்தப் பூவைப் பற்றிய கதைகளை வாசித்து அவளுக்குச் சொன்னேன். பறித்தால் மழை வருமாம். ஒரு பெண் அதன் கிழங்கை அவித்து, தான் விரும்பியவனின் சாப்பாட்டில் போடக் கொண்டுபோகும்போது தடக்கி விழுந்தாளாம். கிழங்கு ஒரு கிழவனின் தட்டில் விழ, அவன் அதைத் தின்றுவிட்டு மாதக்கணக்கில் அவள் பின்னால் அலைந்தானாம்.

"அந்தக் கிழவன் நீங்கள்தான்," என்றாள் மனைவி. "ஆனா நான் ஒண்டும் அவிக்கேல்லை."

மூன்றாம் வசந்தத்தில் ஒரு மொட்டு வந்தது. ஒன்றே ஒன்று. அதற்குள் அவள் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தாள். பின்கதவுக்கு வெளியே படிகள். சாய்தளம் கேட்டு எங்கள் நகரசபைக்கு, கொம்யூனுக்கு, விண்ணப்பித்தேன். ஒரு பெண் வந்து படிகளை அளந்தாள். பிறகு இன்னொரு பெண் வந்து, முதல் பெண் சரியாக அளந்தாளா என்று அளந்தாள். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்த வசனம் எனக்குப் பழக்கம். அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

அக்காவைப் பார்க்க மச்சாள் வந்திறங்கியது, மொட்டு விரிந்த அந்த வாரத்தில்தான். அடுத்த நாள் காலை கோப்பியோடு வளவுக்குப் போனேன். தண்டே இல்லை. அடியோடு முறித்திருந்தது.

சாமியறையில் மச்சாள் குளித்து, திருநீறு பூசி நின்றாள். தட்டில், சிவன் படத்துக்கு முன்னால், என் ட்ரில்லியம்.

"என்ன வேலை இது?"

"மூண்டு இலை அத்தான்! வில்வம் மாதிரியே. இண்டைக்குத் திங்கக்கிழமை வேற. அக்காவுக்காகத்தான் வச்சனான்."

"உங்கட ஊர்ப் பூ. அதைப் பிடுங்கக் கூடாது எண்டு உனக்குத் தெரியாதோ?"

"அங்க பிடுங்கினா ஆக்கள் ஏசுவினம். இது எங்கட வீடுதானே."

அதன் முழு உடம்புக்கும் அந்த மூன்று இலைதான் அடுப்பு, அவற்றை எடுத்தால் கிழங்கு பட்டினியில் சாகும் என்றேன். அவள் கற்பூரத்தைக் கொளுத்தினாள். மழைகூட வரவில்லை, நல்ல வெயில்.

"அக்காவாலை வெளியிலை போகேலாது. நீங்களும் கடிதம் கடிதமா எழுதிறியள். பூவாவது உள்ளுக்கு வரட்டும்," என்றாள். அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

தட்டை எடுத்துக்கொண்டு இருவரும் மனைவியின் கட்டிலுக்குப் போனோம். மச்சாள் பூவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். இதழில் சந்தனம் ஒட்டியிருந்தது. இலைகள் ஏற்கெனவே தொங்கத் தொடங்கியிருந்தன. மனைவி கண்ணாடியைப் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன பூ?"

"அக்கா, அந்தப் பூதான். நாங்கள் காட்டுக்குள்ள பாத்தமே!"

"இல்லை," என்றாள். "அங்க காலடி வைக்க இடமில்லை. மரமெல்லாம் மொட்டையா நிக்க, கீழ வெள்ளையா, கண்ணுக்கெட்டின தூரம்… இது ஒரு பூ."

மச்சாள் என்னைப் பார்த்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் எதிலும் ஒத்துப்போனது கிடையாது.

"அதுதான்," என்றேன்.

"ஓம் அக்கா, அதுதான்," என்றாள் அவள்.

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, சின்னப்பிள்ளைகளிடம் வாதாடாமல் விடுவதுபோல, "சரி," என்று சொல்லி, பூவை என்னிடம் நீட்டினாள்.