சைக்கிள் சுற்றிக் கேட்ட ரெகே

காலை 6.40. வவுனியாவில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி, பரந்தனுக்கு ரிக்கெற் எடுத்தேன். எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, நானூறு ரூபாய். மடியிலிருந்த பைக்குள் இங்கிலாந்தின் பேமிங்காம் நகரச் சந்தையில் பழசாக வாங்கிய கசெற் றெக்கோடரும் ஒரு கசெற்றும்.

பக்கத்தில் நெளுக்குளத்து அம்மா ஒருவர். சிவப்பு, மஞ்சள், பச்சையாக இருந்த என் ரீசேட்டைக் கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, இது எந்தக் கட்சி?”

“கட்சியில்லை அம்மா. இங்கிலாந்தில ரெகே எண்ட ஜமேக்காப் பாட்டுப் பாடுற ஆக்கள். கன வருசமா நான் அவையின்ர ரசிகன்.”

“வோட்டுக் கேக்க வரமாட்டினம்தானே? அப்ப நல்ல ஆக்கள்தான்,” என்று கச்சான் கடலைச் சரையை நீட்டினார்.

மாங்குளம் வருவதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் நாங்கள் கொட்டில் போட்டபோது, பக்கத்து வளவு யோகனுடையது. அவனுடைய தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். போர்க்காலம். மின்சாரம் இல்லை, பற்றரிக்கு அரசின் தடை. வன்னி முழுக்கச் செய்ததை நாங்களும் செய்தோம்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்டோம். லண்டன் மாமா அனுப்பிய, உறையில்லாத ஒரேயொரு கசெற். றெக்கோடர் என்னுடையது, சைக்கிள் யோகனுடையது. ஆகவே சுற்றுவது அவன், கேட்பது நான். ஒரு பக்கம் முடிந்ததும் “மற்றப் பக்கம்” என்பேன். அவன் மறுபடி சுற்றுவான். இந்தப் பாட்டுக்காரரை நேரில் பார்ப்பதென்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று சத்தியமும் செய்துகொண்டோம்.

பிறகு நான் இங்கிலாந்து போனேன். சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டு ஒன்பது தடவை அவர்களுடைய கச்சேரிக்கும் போனேன். யோகனோடு தொலைபேசியில் மழையைப் பற்றிக் கதைப்பேன், இரணைமடுக் குளம் நிரம்பியதைப் பற்றிக் கதைப்பேன். இதை மட்டும் சொன்னதில்லை. பயம்தான், வேறென்ன. இந்த முறை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதென்று வந்திருக்கிறேன்.

9.15. பரந்தன் சந்தி. அங்கிருந்து முல்லைத்தீவு வீதியால் தர்மபுரத்துக்கு ஓட்டோவில் ஆயிரத்து இருநூறு ரூபாய். யோகன் வாசலில் தண்ணீர்ப் பம்ப் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தான். இப்போது பம்ப் திருத்துவதுதான் அவனுக்குத் தொழில். கிறீஸ் கையோடு கட்டிப்பிடித்ததில் என் ரீசேட்டில் நாலாவது நிறமும் சேர்ந்தது.

“வாங்கோ அண்ணா, இருங்கோ. தேத்தண்ணி போடுறன்,” என்று அவன் மனைவி ஜெயந்தி குசினிக்குள் போனார்.

தேத்தண்ணியைப் பாதி குடித்த பிறகுதான் சொன்னேன்.

“மச்சான், நான் அவையைப் பாத்திட்டன். நேரில.”

யோகன் கோப்பையைக் கீழே வைத்தான். “எத்தினை தரம்?”

“ஒன்பது.”

வீதியால் உழவு இயந்திரம் ஒன்று வந்து, கடந்து, சத்தமும் ஓய்ந்தது.

“அங்க இருந்துகொண்டு போகாமல் விட்டிருந்தால்தான் உனக்கு விசர்,” என்றான் கடைசியில். “சரி, ஆள் எப்பிடிப் பாடினவர்?”

முதல் கச்சேரியில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் கசெற்றில் பாடகருக்குக் கனத்த, ஆறுதலான குரல். மேடையிலோ மெல்லிய குரலில் ஒருவர் பாடினார். உண்மையான பாடகர் எப்போது வருவார் என்று அரைமணி நேரம் காத்து நின்றேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரிடம், பாடகருக்குச் சுகமில்லையா என்றும் கேட்டுவைத்தேன். பிறகுதான் விளங்கியது: யோகன் சுற்றிய வேகம் போதாமல் பாட்டு இழுபட்டு, மனிதரின் குரலும் இறங்கியிருக்கிறது.

யோகன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “அப்ப அந்தக் குரல் என்ரையடா.” சிரிப்பு அடங்கியதும் மெல்லச் சொன்னான்: “ஒண்டு சொல்லட்டே? எனக்கு அந்தப் பாட்டு ஒருநாளும் ஒழுங்காக் கேட்டதில்லை. காதுக்குப் பக்கத்தில சங்கிலி கடகட எண்டும். நீ கண்ணை மூடித் தலையாட்டுவாய். அதைப் பாத்துத்தான் நல்ல பாட்டாக்கும் எண்டு நினைச்சனான்.”

ஒன்பது கச்சேரிக்கு மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். கேட்க வேண்டியது அதற்கல்ல.

பையைத் திறந்து றெக்கோடரையும் அதே பாட்டுள்ள கசெற்றையும் எடுத்தேன். “சைக்கிளைக் கொண்டா.”

“வீட்டில கரண்ட் இருக்கு, விசரா.”

“கொண்டாடா. நீ அங்க போய்க் கதிரையில இரு.”

11.00. உதிரிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தேவையானதைப் பொறுக்கி, யோகன் வயரைக் கொழுவித் தந்தான். பிறகு பத்தடி தள்ளி, மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்தான். நான் பெடலைப் பிடித்து ஆர்வத்தில் விசுக்கிச் சுற்றினேன்.

“இந்த மெல்லிசுக் குரல் ஆரடா?” என்றான் யோகன். “மெல்லமாச் சுத்து. எங்கட ஆளைக் கூப்பிடு.”

மெதுவாகச் சுற்றினேன். குரல் இறங்கி வந்திருக்க வேண்டும். என் காதில் சங்கிலிதான் கடகடத்தது. யோகன் கண்ணை மூடினான். கொஞ்சத்தில் தலை ஆடத் தொடங்கியது. வாசலில் வந்து நின்ற ஜெயந்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தலையைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் சுற்றினேன். பாதியிலேயே தோள் எரிந்தது.

கசெற் டக்கென்று நின்றது. யோகன் கண்ணைத் திறக்கவில்லை.

“மற்றப் பக்கம்,” என்றான்.

திருப்பிப் போட்டேன்.

பின்னேரம் 4.10. பரந்தனில் பஸ் ஏறும்போது வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. றெக்கோடரை அங்கேயே விட்டு வந்ததால் பையில் பாரமும் இல்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி வரை நின்றேன். அந்த நாளில் இரண்டு வருடம், கிழமைக்கு மூன்று நாளாவது அவன் சுற்றியிருப்பான். கை நோகுது என்று ஒருநாளும் சொன்னதில்லை.