தெற்கே திரும்பிய ஆண்டெனா

மைசூரில் வீட்டுக்கு வீடு ஆண்டெனாவை இறக்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், என் அப்பா ஒருவர்தான் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆண்டெனா ஏற்றினார். கேபிள்காரருக்கே அது பொறுக்கவில்லை. "ஏனு சார், ஊரே கேபிளுக்கு வருது, நீங்க ரிவர்ஸ்ல போறீங்களே" என்று மண்டி மொஹல்லாவின் அந்தச் சின்னச் சந்து முழுக்கக் கேட்கும்படி அங்கலாய்த்தார். "புள்ள படிப்புக் கெடுது" என்று அப்பா முடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளை நான்தான். ஒன்பது வயது. என் படிப்பு கேபிள் வருவதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உண்மைக் காரணம் ஒரு கடிதம். பாலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் கொளத்தூர் அருகே அம்மாவின் பிறந்த ஊரிலிருந்து பெரியம்மா எழுதியிருந்தாள். மாமாவின் நிலக்கடலைக் காட்டை டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போயிருக்கிறார்கள், அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை சாயங்காலம் விவசாய நிகழ்ச்சியில் காட்டுவார்கள் என்று. அப்பா சாப்பிடும்போது அம்மா அதைச் சத்தமாகப் படித்தாள். அப்பா ரசத்துக்குச் சோறு கேட்டார், அவ்வளவுதான்.

அம்மா தன் அண்ணனைப் பார்த்து எட்டு வருடம் ஆகியிருந்தது. காரணம் என் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். குத்துகிற நாளில் மாமா வந்த பஸ்ஸைச் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். நல்ல நேரம் தப்பிவிடும் என்று அப்பா அவசரப்பட்டு, என்னை ஒரு பங்காளி மடியில் உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். மாமா வந்து சேர்ந்தபோது நான் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேனாம். சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். தப்பு இவர் மேல், ரோஷமும் இவருக்கே.

கேபிளில் எத்தனையோ சேனல்கள் வந்தன. மாமா வரப்போகிற தமிழ் ஒளிபரப்பு மட்டும் வரவில்லை. அது கொடைக்கானல் டவரிலிருந்து வருவது. நடுவில் நீலகிரியே குறுக்கே உட்கார்ந்திருந்தது. மைசூரில் அதைப் பிடித்தவர்கள் உண்டு என்று சொல்வார்கள். பிடித்தவர் யாரையும் நாங்கள் பார்த்ததில்லை.

அப்பா விஜயநகரில் புது வீடுகளுக்குக் குழாய் பொருத்தும் வேலை பார்த்தார். கேபிளுக்கு மாறிய வீட்டு மாடிகளில் சும்மா கிடந்த ஆண்டெனாக்களில் இரண்டைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டின் குச்சிகளையும் சேர்த்து ஒரு நீண்ட ஆண்டெனாவாக்கினார். கீழே இரண்டு இஞ்சுக் குழாய், அதற்கு மேல் ஒன்றரை, உச்சியில் ஒரு இஞ்சு என்று மரை போட்டு முடுக்கி, வீட்டுக்காரரின் மொட்டை மாடியில் நாற்பது அடிக்கு நிறுத்தினார். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகளை ஒரு வளையத்தில் மாட்டியிருந்ததால், குழாயை வேண்டிய பக்கம் திருப்பலாம். குழாய்க்காரர் கட்டிய ஆண்டெனா, ஒரு சொட்டு ஒழுகாது என்று அம்மா சிரித்தாள். தெருவில் மிச்சமிருந்த ஆண்டெனாக்கள் உள்ளூர் டவரைப் பார்த்து நிற்க, எங்களுடையது மட்டும் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே பார்த்தது. அதற்குப் பிறகு படித்த எஞ்சினியர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அப்பாவின் அந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்காது.

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. அப்பா மாடியில், அம்மா டிவி முன்னால், நான் நடுவில் முற்றத்தில். "சொல்ப ரைட்ல திருப்புங்கப்பா! அய்யோ, ஜாஸ்தி ஆயிடுச்சு!" எங்கள் வீட்டில் 'கொஞ்சம்' என்ற சொல் எப்போதோ செத்து, கன்னடத்து 'சொல்ப' குடியேறியிருந்தது. முதல் வாரம் வெறும் இரைச்சல். இரண்டாவது வாரம் ஒரு ஆண் குரல். மூன்றாவது வாரம் செய்தி வாசிக்கும் பெண்மணி வந்தார், இரண்டு பேராக. அன்று அப்பா சந்தோஷத்தில் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார்.

வியாழக்கிழமை வந்தது, கூடவே காற்றும் வந்தது. திருப்புவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று விட்டிருந்த குழாய், காற்றுக்குத் தானாகவே திரும்ப ஆரம்பித்தது. படம் வருவதும் போவதுமாக இருந்தது. நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடம்கூட இல்லை. "போகுதுங்க, போகுது!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அப்பா பெரிய பைப் ரெஞ்சை எடுத்துக் குழாயைக் கவ்வினார். ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ரெஞ்சை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்டெனா நின்றது. படம் வந்தது.

மாமா நிலக்கடலைச் செடியை வேரோடு பிடித்துக்கொண்டு நின்றார். முகம் புள்ளிப் புள்ளியாக இருந்தது. ஏதோ உரத்தைப் பற்றிச் சொன்னார், கடைசியில் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் நொடிக்கொரு தடவை முற்றத்துக்கு ஓடி "இருக்கு, இருக்கு" என்று மேலே சேதி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அப்பா மேலேயிருந்து கேட்டார்: "மச்சான் எப்படி இருக்காரு? எளச்சுட்டாரா?"

"படம் க்ளியரா இல்லப்பா!" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நிகழ்ச்சி முடிந்து அம்மாவே முற்றத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். "தலை நரைச்சுப்போச்சுங்க. ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. அண்ணன் சிரிச்சதுங்க" என்றாள்.

காற்று அடங்கிவிட்டது. அப்பாவோ ரெஞ்சைப் பிடித்த பிடியில், தெற்குப் பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றார். அம்மா சொன்னது அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சுப்பா, விட்டுடுங்க!" என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.